பொய் பிடிக்கும் பூ

ஊரே திரண்டு ஓடியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குப் போக நேரமில்லாதவர்கள்கூட விடியும் முன்பே வந்து வரிசையில் நின்றார்கள். எதற்கு? ஒரு பூ பொய் பிடிக்கிறதாம்!

தொட்டியில் மஞ்சள் பூச்செடி. பக்கத்தில், மெத்தைமேல் 'பூச்சித்தர்' என்று பேர் வாங்கிய சாமியார். பூவின் நடுவே இரண்டாகப் பிளந்த குட்டி நாக்கு. சித்தர் பூவின்மேல் கையை அசைப்பார். சொன்னது உண்மையென்றால் நாக்கு அப்படியே விரிந்திருக்கும். பொய்யென்றால் பட்டென மூடிக்கொள்ளும். தட்டு நிறையக் காணிக்கை வைத்த எவரும் அங்கே பொய்யரானதில்லை. அவ்வளவு மரியாதை தெரிந்த பூ!

அன்று ஒரு மின்பணியாளர் தன் மனைவியை இழுத்து வந்தார். அவள் தையல் நிலையத்தில் வேலை செய்பவள். மழையில் நனைந்தவளை உடன் வேலை செய்பவன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டானாம். போதாதா?

"வேற எவனாவது மனசுல இருக்கானாம்மா?" என்றார் சித்தர்.

"இல்லைங்க."

கை அசைந்தது. நாக்கு மூடியது. கூட்டம் "ச்சீ!" என்றது.

"இனிமே நீ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது!" என்று கத்தினார் கணவர்.

துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை, முன்னால் வந்தாள். தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். இன்னொரு பூவின் நாக்கை அதனால் உரசினாள். அதுவும் மூடியது.

"நான் வாயே திறக்கலையே, இது எந்தப் பொய்க்கு மூடுச்சு?"

கூட்டம் முண்டியடித்துக் கிட்டே வந்தது.

"அந்த நாக்கு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத தண்ணிப் பைங்க. தொட்டா உள்பக்கத்துப் பைங்க தண்ணியை விட்டுத் தொய்ஞ்சுபோகும். வெளிப்பக்கம் விறைப்பாவே நிக்கும். அதனால மடங்கிடுது. வண்டு கொண்டாந்த மகரந்தத்தைப் பிடிச்சு வச்சுக்க அது பண்ற வேலை. உங்க குடும்பச் சண்டை அதுக்கெதுக்கு?"

"தெய்வ நிந்தனை!" என்று எகிறினார் சித்தர்.

அக்கா, விரிந்திருந்த மற்றொரு பூவின்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துப் பிடித்தாள். "இப்ப யார் வேணா பொய் சொல்லுங்க."

"நான் குடிக்கவே மாட்டேன்!" என்றது முதல் வரிசை. பூ அசையவில்லை.

"என் மாமியார்னா எனக்கு உசுரு!" என்றாள் ஒருத்தி. இத்தனை பெரிய பொய்க்கும் அசையவில்லை!

அக்கா சித்தரின் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரல் நகத்தடியில் மெழுகு. மெழுகில் ஒட்டிய ஒற்றைத் தூரிகை மயிர். சித்தர் மெத்தையை விட்டார், காணிக்கைத் தட்டை மட்டும் விடாமல் ஓடினார்.

கணவர் தலையைச் சொறிந்தார். "சரி, வா, வீட்டுக்குப் போகலாம்."

"பூவைக் கேட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க நல்லா யோசிச்சிட்டு வாங்க."

கூட்டம் கலைந்தது. அடுத்த தெருவில் ஒரு பூசணிக்காய் கண் சிமிட்டுகிறதாம்; பாதிப் பேர் அங்கே ஓடிவிட்டார்கள். நீங்களும் தாராளமாகப் போங்கள். போகும்போது தலையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்!