இஸ்திரி மேஜையில் எழுதிய உயில்

"வர மாட்டாராமா? ஏனாம்?"

வெல்டர் போட்ட சத்தத்தில் கோர்ட் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"நேத்து நீங்க அவரைத் திட்டினீங்களாமே," என்றார் வக்கீல்.

"என் சட்டையைப் பொசுக்கிட்டான். திட்டாம கொஞ்சுவாங்களா?"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வீடும் அதன் முன்பக்கத்துப் பட்டறையும் மூத்த மகனான வெல்டருக்கே என்று அப்பா உயில் எழுதியிருந்தார். அது செல்லாது, வீட்டை விற்றுப் பாதியைக் கொடு என்று தம்பி மல்லுக்கு நின்றான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருப்பவர் சலவைக்கடைக்காரர். அவர் வந்து கூண்டில் ஏறாவிட்டால் பட்டறையும் போச்சு, பிழைப்பும் போச்சு.

"போய் மன்னிப்புக் கேளுங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வெல்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போனார்.

"தெரியாமத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதே."

"பரவாயில்லண்ணே, வர்றேன். ஆனா அந்த உயில் விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்லிக் கிழிக்க வேண்டாம்! கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு!"

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைத்தார். "மறுபடியும் கத்துறீங்க பாருங்க. நான் வரலை."

கடைசியில் வெல்டரின் மனைவி போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது. போவதற்கு முன் கணவனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அப்படியே உங்கப்பா! வாயைத் திறந்தா நெருப்பு!"

விசாரணை அன்று தம்பியின் வக்கீல் அந்த நெருப்பைத்தான் கையில் எடுத்தார்.

"இவங்க அப்பா பயங்கரக் கோபக்காரர் ஐயா. கண்ணு மண்ணு தெரியாத ஆத்திரத்துல எழுதின உயில் எப்படிச் செல்லும்? அவர் புத்தி அப்ப நிதானத்துலயே இல்ல."

அப்பாவைப் பைத்தியம் என்கிறானா? வெல்டருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்தே விட்டார்.

"எங்கப்பாவுக்குக் கோபம் வந்தாத்தான்யா மூளை தெளிவா வேலை செய்யும்! கோபத்துல அவர் எழுதின ஒவ்வொரு எழுத்தும் செல்லும்!"

"உட்காருங்க. இன்னொரு தடவை கத்தினா வெளிய அனுப்பிடுவேன்," என்றார் நீதிபதி. பிறகு கூண்டிலிருந்த சலவைக்கடைக்காரரைப் பார்த்தார். "அவர் சொல்றது உண்மையா?"

"உண்மைதாங்க ஐயா. என் கண்ணு முன்னாடி, என் இஸ்திரி மேஜையில வச்சுத்தான் எழுதினார். கோபம் வந்தா அவருக்கு ஒரு எழுத்து பிசகாது. அவ்வளவு நிதானம்."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. வெல்டருக்குப் பல மாதங்களாகக் கொதித்துக்கொண்டிருந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. இந்த நல்ல மனுஷனையா ஒரு சட்டைக்காகத் திட்டினோம் என்று நினைத்துக்கொண்டார். இன்னும் நாலு சட்டை பொசுங்கினாலும் பொசுங்கட்டும்.

நீதிபதி உயிலைக் காட்டினார். "அப்போ, அவர் எழுதினது இதுதானே?"

சலவைக்கடைக்காரர் வெல்டரை ஒரு தடவை பயத்தோடு பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது சின்னவர் மேல கோபம் வந்தப்ப எழுதினதுங்க ஐயா, ரெண்டு பேர் மேலயும் சேர்த்துக் கோபம் வந்து கடைசியா எழுதினது என் கடையில இருக்கு, எடுத்துட்டு வரட்டுங்களா?"