வாண்டுவுக்கு ஒரு மூளை வளர்ச்சிப் பயணம்

கண்ணாடிக்காரர் அன்று காலை பல் விளக்கிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வருஷம் கேரம் போட்டியில் ஜெயித்தே தீருவது. அதற்குப் போட்டி நடக்கிற ஒரு வாரமும் வீடு காலியாக இருக்க வேண்டும். வீடு காலியாக வேண்டுமென்றால் மனைவியும் மகனும் எங்காவது போக வேண்டும். போகச் சொன்னால் போவார்களா? மாட்டார்கள். ஆகவே, போவதுதான் மகனுக்கு நல்லது என்று நிரூபித்துவிட வேண்டும்.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி போட்டவர் இல்லை; போட்டுவிடுகிறவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க வருகிறவர்களின் மூக்கின் மேல் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊரார் பார்வைக்கெல்லாம் நம்பர் சொல்லத் தெரிந்தவர். தன் மூக்குக்குக் கீழே நடப்பது மட்டும் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான்.

அவர் குடியிருக்கும் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் வருஷா வருஷம் இரட்டையர் கேரம் போட்டி நடக்கும். அவரும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் ஒரு ஜோடி. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வும் ஜோடி. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. பல் பிடுங்கிப் பழகிய கை, அசையாது. கோளாறு கண்ணாடிக்காரரிடம்தான். பயிற்சி போதாது. எப்படிப் போதும்? சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் காலை வைத்ததுமே வாண்டு அவர் தலையில் கட்டப்படுவான்.

வாண்டு அவருடைய ஒரே மகன். ஒன்றரை வயது. 'தா' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வீட்டையே ஆண்டுகொண்டிருந்தான். கேரம் போர்டை விரித்தால் நடுவில் ஏறி உட்காருவான். ஒருநாள் ஸ்ட்ரைக்கரை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, எங்கேடா என்று கேட்டால் கன்னம் உப்பச் சிரித்தான். அன்றோடு வீட்டில் கேரமுக்குத் தடை விழுந்தது. இவன் பள்ளிக்கூடம் போகிறவரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். மேல்முறையீடு கிடையாது.

மனைவிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வண்டி இடித்தது, கடை எரிந்தது என்று கதையோடு பணம் கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவு. அதில் அவளுக்கென்று ஒரு பாணி உண்டு. யார் என்ன சொன்னாலும் மறுக்கமாட்டாள். "அப்படியா?" என்பாள். "அப்புறம்?" என்பாள். நம் கஷ்டத்தை இவ்வளவு அக்கறையாகக் கேட்க ஒருத்தி இருக்கிறாளே என்று வந்தவர் உருகிப்போய், கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். நின்றிருந்த என் வண்டியில் வந்து மோதினார்கள் என்று ஆரம்பித்தவர், அந்த வண்டி அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று தன் வாயாலேயே முடித்துவிட்டுப் போவார். சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதைகளைக் கேட்டுக் கண்ணாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். ஆபீஸ் வீட்டுக்கும் வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "வாண்டு இன்னும் சரியாப் பேசலையேன்னு எனக்கு ஒரே கவலையா இருக்கு."

"அப்படியா?" என்றாள் மனைவி, வாண்டுவின் மோவாயைத் துடைத்தபடி.

"குழந்தையை ஒரே வீட்டுல, ஒரே சுவத்தைப் பாத்துக்கிட்டு வளக்கக் கூடாதாம். புது இடம், புது முகம், புதுக் காத்து, இதெல்லாம் பட்டாத்தான் மூளை விரியுமாம். அதுவும் இந்த வயசுலயே செஞ்சிடணுமாம்."

"செஞ்சிடணும். அப்புறம்?"

அந்த 'அப்புறம்' அவருக்கு வெல்லமாக இனித்தது. காலையிலிருந்து போனில் மேய்ந்ததை எல்லாம் கொட்டினார். பனிமலைக்குத் தூக்கிக்கொண்டு போன கைக்குழந்தை இறங்கி வரும்போதே அறிவுக் களையோடு வந்த கதை. அலைச் சத்தம் கேட்டதும் முழு வாக்கியத்தில் பால் கேட்ட குழந்தையின் கதை. வீட்டோடு கிடந்ததால் நாற்பது வயதிலும் முகவரி கேட்கக் கூச்சப்படும் ஒருவரின் கதை. கடைசிக் கதை அவருடையதேதான். ஆனால் யாருடையது என்று சொல்லவில்லை.

"சரி, எங்க போகலாங்கறீங்க?"

"உங்கண்ணன் வீடு இருக்கே. கடலுக்குப் பக்கத்துல."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணம் ஆன நாள் முதல் அண்ணனைப் பற்றி இவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கதையின் இந்த இடத்தில்தான் ஆபீசில் அவள் பேனாவைக் கீழே வைப்பாள்.

"நீங்க வரலையா?"

"கடையை யாரு பாக்கறது? நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"அதுவும் சரிதான். ஆனா நான் கூடப் போனா என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். கடல் முன்னாடி நின்னாலும் என் தோள்லதான் மூஞ்சியப் புதைச்சுக்குவான். பரவாயில்லையா?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் காலையிலிருந்து குழந்தை நிபுணராக இருந்த மனுஷனுக்கு அப்படிச் சொல்ல வாய் வருமா?

"அது கூடவே கூடாது" என்றார். "அம்மா இடுப்புன்னா அது வீடுதான். வீட்டையும் கூடவே தூக்கிட்டுப் போனா அது பயணமே இல்ல."

"அப்ப அம்மா கூட இருந்தாலே பிரயோஜனம் இல்லேங்கறீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான். அம்மா கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கணும்."

"அப்புறம்?"

"தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தாப் போதும். அது அம்மாவாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். அல்லது யோசிப்பது போல இருந்தாள். "எங்கண்ணனையும் அண்ணியையும் இவன் பாத்ததே இல்ல. பகல்ல பாத்துக்கற காப்பகத்து ஆயாவை விட்டா, இவனுக்குத் தெரிஞ்ச முகம்னா ரெண்டே ரெண்டுதான். அதுல ஒண்ணு ஆகாதுன்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

கண்ணாடிக்காரர் கடை என்று இழுத்தார். கடையை உங்கள் தம்பி பார்த்துக்கொள்வார், கேட்டால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார் என்றாள். தம்பியும் மறுநாள் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் ரயில் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. இதெல்லாம் கேரமுக்காகச் செய்த நாடகம் என்று உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் மகன் மூளையை வைத்துப் புளுகியதற்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று நினைத்தபோது, மச்சான் வீடே மேல் என்று பட்டது. டாக்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னார். டாக்டரும் ஜோடி போய்விட்டதே என்று உதட்டைப் பிதுக்கினார்.

ரயிலில் வாண்டு 'தா' என்று கை நீட்டி, எதிரில் உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்து வளைத்துவிட்டான். கண்ணாடிக்காரர் அதை நிமிர்த்திக் கொடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியும் வளைந்துவிட்டது. வழி முழுக்க இலவச ரிப்பேர்.

மச்சான், வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை, நல்ல நேரத்துல வந்தீங்க. மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது" என்று வரவேற்றார். அந்த மோட்டாரின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் கேட்ட பிறகுதான் கண்ணாடிக்காரருக்குத் தண்ணீரே கிடைத்தது.

மறுநாள் மகனைக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். எதிரே அத்தனை பெரிய கடல். வாண்டு ஒரு பார்வை பார்த்தான். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பாவின் செருப்பு வாரைப் பிய்க்க ஆரம்பித்தான். வீட்டுக்குத் திரும்பியதும் மச்சான் வீட்டு வாசல் கேட்டின் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தான். திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். இருட்டுகிற வரை அதுவே வேலை. இதே தாழ்ப்பாள் இவர்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கண்ணாடிக்காரர் நொந்துகொண்டார்.

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம், கப்பல் ஒன்று கரைக்குப் பக்கத்தில் வந்து பெரிதாக ஊதியது. முற்றத்தில் இருந்த வாண்டு வெலவெலத்துப் போனான். மச்சானின் மனைவி இரண்டு கையையும் நீட்டினாள். அவளைத் தாண்டிக்கொண்டு தத்தித் தத்தி ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வீட்டிலாக இருந்தால் அப்பாவைத் தாண்டித்தான் அம்மாவிடம் ஓடுவான். கண்ணாடிக்காரர் அவனை இறுக்கி அணைத்துக்கொண்டார். மகனின் முதுகைத் தடவிக்கொண்டே, கேரமாவது ஒன்றாவது என்று நினைத்தார். ஒருவேளை போனில் படித்த அந்தக் கட்டுரைக்காரன் சொன்னது உண்மைதானோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து பல் டாக்டர் போன் செய்தார். "சார், பைனலுக்கு வந்துட்டோம்."

"வந்துட்டோமா? யாரு?"

"நானும் உங்க வீட்டம்மாவும். நீங்க கிளம்பின அன்னிக்கே வந்து பேர் குடுத்தாங்க. சிவப்புக் காயைப் போட்டு அதே கையோட ஃபாலோவும் போடறாங்க சார். காலேஜ்ல கப்பெல்லாம் வாங்கினவங்களாமே. உங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லைன்னாங்க."

கண்ணாடிக்காரர் கழுத்திலிருந்த சின்னக் கைகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பைனல் என்றைக்கு என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை என்றார் டாக்டர். கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது.

"நான் சனிக்கிழமையே வந்துடறேன் டாக்டர். எப்பவும் நாமதானே ஜோடி."

அந்தப் பக்கத்தில் ஒரு காய் பாக்கெட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டாக்டர், பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற மாதிரி, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"அவசரமே இல்ல சார். குழந்தையோட மூளை வளர்ச்சி முக்கியம், இன்னும் ஒரு வாரம் இருந்துட்டே வாங்க."