எதிர்க்கட்சி ஜெயித்த கதை

தன் கட்சி தேர்தலில் ஜெயித்த மறுநாள் காலையிலேயே அந்தக் கட்சியை விட்டு விலகிய மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே தெருவில் குடியிருந்தவன் நான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை. தெருவுக்கும் மில்லுக்கும் அவர் 'எதிர்க்கட்சி'. பக்கத்து வீட்டுப் பெண்மணிகூட, "எதிர்க்கட்சி ஊட்ல இன்னா கொயம்பு, வாசன தூக்குது?" என்றுதான் கேட்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றில் அவர் கிரேன் ஆபரேட்டர். நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே டீ குடிப்போம். அப்போதுதான் அரசியல்.

இதோ இன்னொரு தேர்தல் வருகிறது. சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரு மனிதன் எத்தனை தேர்தலைத்தான் பார்ப்பது? அலுப்பு வரும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும், அதனால் எழுதுகிறேன். கட்சிப் பெயர்களைக் கேட்காதீர்கள். பெரிய கட்சி ஒன்று, அதைவிடப் பெரிய கட்சி இன்னொன்று, நடுவே சில உதிரிகள். எது எது என்பதை அவரவர் கோபத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

நான் முதன்முதலில் அவரைக் கவனித்தது ஓட்டு எண்ணி முடிந்த ஒரு காலையில். இரண்டு மாதமாக மைக் பிடித்து, தொண்டை கட்டி, அவர் உழைத்த கட்சி அமோகமாக ஜெயித்திருந்தது. தெருவே பட்டாசுப் புகை. மாலையோடு அவரைத் தேடினால் ஆளைக் காணோம். தோற்ற கட்சியின் ஆபீசில், கவிழ்த்து வைத்த நாற்காலி ஒன்றை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தக் கட்சியின் செயலாளர் இரண்டு நாள் தாடியோடு நின்றிருந்தார்.

"யோவ், நேத்து வரைக்கும் எங்கள நாறு நாறா கியிச்ச. இப்ப இன்னா இங்க?"

"நேத்து நீ ஜெயிச்சிடுவன்னு நெனச்சேன், கியிச்சேன். இப்பதான் தோத்துட்டியே, இன்னும் இன்னா பகை?"

செயலாளர் அழுதேவிட்டார். தோற்றதற்கு அழுதாரா, இவர் வந்து சேர்ந்ததற்கு அழுதாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

இவருடைய மனைவி ரோஸி, கரை வேட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் தலையணை உறை தைத்துவிடுவார். "எங்க ஊட்டு தலகாணியே அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா கட்சி மாறுது சார்" என்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். அவர் போனை எடுத்து ஜெயித்தவருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். யாரோ ஒருவர், "அண்ணன் மீட்டிங்ல இருக்காரு" என்று வைத்துவிட்டார். அடுத்து தோற்றவருக்குப் போட்டார். மணி அடிப்பதற்குள் குரல் வந்தது: "சொல்லுங்கண்ணே! எங்க வரணும்?"

"பாத்தியா சார்?" என்றார். "தோத்தவனுக்குத்தான் காது கேக்கும்."

அவருக்கென்று ஒரு தேர்தல் வரலாறும் இருந்தது. "எங்க நைனா காலத்துல பொன்னேரி பக்கம் நெல்லு நெலத்துல கூலி. ஓட்டுக்கு மொத நாளு நெலத்துக்காரரு களத்துல நின்னு ஒரு சின்னத்த சொல்வாரு. மறுநாளு தெரு மொத்தமும் அதுலதான் குத்தும். அப்பால கம்பெனி வந்துச்சி. நெலத்துக்காரரு பேச்ச எவன் கேப்பான்? யூனியன்காரன் சொன்னான், குத்தினோம். பர்மனென்ட் வேல போயி கான்ட்ராக்ட் வந்துச்சா? கான்ட்ராக்டர் சொன்னான், குத்தினோம். இப்ப செல்லு சொல்லிக்கினு கீது."

இரண்டு தலைமுறை மனமாற்றத்தை அரை கிளாஸ் டீக்குள் சொல்லிவிட்டு, மீதி அரை கிளாஸை நிம்மதியாகக் குடித்தார்.

அவர் சொன்ன கான்ட்ராக்டர்தான் எங்கள் வார்டு கவுன்சிலர். மில்லுக்கு ஆள் சப்ளை செய்பவர். அவர் கட்சி மாறியதே கிடையாது. ஆளுங்கட்சி மாறும். அவர் ஆளுங்கட்சியில் இருப்பது மட்டும் மாறாது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் மஞ்சளானது. சர்ச்சுக்கு வெள்ளைப் புடவை கட்டிப் போகிற ரோஸி, மூன்றே துவைப்பில் மஞ்சள் புடவையில் போனார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்டவர்களும் உண்டு. கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னால், "சாம்பிள் அனுப்பியிருக்கு" என்பார். சாம்பிள் எங்கே போனதோ, திரும்பி வரவே இல்லை.

வார்டு தேர்தல் வந்தது. கான்ட்ராக்டரை எதிர்த்து நிற்க, தோற்ற கட்சிக்கு ஆளே கிடைக்கவில்லை. நம்ம எதிர்க்கட்சியைக் கேட்டார்கள். தோல்வி நிச்சயம் என்பதால் அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு பிரசாரத்தை நான் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுச் சொன்னார்: "எனக்கு ஓட்டு போடணும்னு இல்லம்மா. அவனையே ஜெயிக்க வையி. நான் இந்தாண்ட நின்னுகினு தண்ணிக்கு அவன ஒரு வழி பண்றேன்."

கட்சிச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். தெருப் பெண்கள் இதைக் கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

எண்ணிக்கை அன்று அவர் வழக்கம்போல ஷிப்டுக்கு வந்து கிரேன் மேலே ஏறிவிட்டார். மதியம் எனக்குப் போன் வந்தது. எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டார்.

மில்லே கீழே கூடிவிட்டது. யாரோ மாலை வாங்கி வந்தார்கள். அவர் இறங்கவில்லை. கிரேன் நின்றால் மில் நின்றது மாதிரி. ஷிப்டு இன்சார்ஜ் வியர்வை வழிய என்னிடம் ஓடிவந்தார். "சார், உங்க பிரண்டை இறக்குங்க சார். மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்றது? ஜெயிச்ச துக்கத்துல இருக்காருன்னா?"

இரும்பு ஏணியில் ஏறினேன். கீழே பழுத்த இரும்பின் அனல். கேபினுக்குள் அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது? என்னப் போயி ஜெயிக்க வெச்சிட்டாங்க."

"சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"எப்டி சார்? நாளைக்குக் காலைல நான் எங்க போறது? ஜெயிச்சவன விட்டு வெலகணும்னா என்ன விட்டு நானே இல்ல வெலகணும்?"

கையைப் பிடித்து எழுப்பினேன். இரண்டு பேரும் இறங்கினோம்.

மறுநாள் விடிந்ததும் அவர் கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கிளம்பினார். அதே நேரம் கான்ட்ராக்டர் தன் ஆட்களோடும் ஒரு சால்வையோடும் இவர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். நடுத்தெருவில் சந்தித்தார்கள்.

"நைனா, நீ இனிமே எனக்கு எதிரா நிக்கணும். தெனம் வந்து என்னக் கேள்வி கேளு" என்றார் இவர்.

"இன்னாண்ணே நீங்க! இனிமே நான் உங்க ஆளு" என்று சால்வையைப் போர்த்தினார் அவர்.

"யோவ், வேணாம்யா! நேத்துதானே தோத்த? ஒரு வாரமாவது தோத்தவனா இருய்யா!"

யார் கேட்டார்கள்? மாதம் முடிவதற்குள் வார்டே இவர் பக்கம் வந்துவிட்டது. கேட்க ஆளில்லை, திட்ட ஆளில்லை. எந்நேரமும் கூடவே கான்ட்ராக்டர், "பாத்துக்கலாம்ணே" என்று. எனக்கே ஒருநாள் இவருடைய போன் நாலாவது முறைதான் கிடைத்தது. அதிகம் யோசிக்காமல் விட்டுவிட்டேன். ரோஸி விடவில்லை.

ஒரு சாயங்காலம் தெருப் பெண் ஒருத்தி தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். இவர் வாசலில் நின்று, "சாம்பிள் அனுப்பிக்கிதும்மா, வரும்" என்றார். உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த ரோஸிக்கு அது கேட்டது. அன்று இவருக்கு வந்த தோசை முழுக்கக் கருகல்.

மறுநாள் காலை கூச்சல் கேட்டு ஓடிப் போனேன். ரோஸி தன் வீட்டு வாசலிலேயே குடத்தோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும்.

"கவுன்சிலரே! வெளிய வாய்யா!"

பாதி ஷேவிங்கில், கன்னத்தில் நுரையோடு வந்தார். "இன்னா ரோஸி இது? ஊட்டுக்குள்ளயே சொல்லக்கூடாதா?"

"ஊட்டுக்குள்ள நீ என் புருசன். இங்க நீ ஜெயிச்சவன்."

 அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், ஜெயித்த அன்றுகூட அது வரவில்லை. கைகட்டி, "கோரிக்கைய எழுதிக் குடுங்கம்மா" என்றார் மரியாதையாக.

"எழுதிலாம் குடுக்க முடியாது. இந்தா, குடி." டம்ளர் நிறைய மஞ்சள் தண்ணீர்.

குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தார். நுரையைத் துடைத்துக்கொண்டு அதே பெண்களோடு, அதே குடங்களோடு பேரூராட்சி ஆபீசுக்குப் புறப்பட்டார். "பாத்துக்கலாம்ணே" என்றபடி கூட வந்த கான்ட்ராக்டர் முதல் திருப்பத்திலேயே காணாமல் போனார். அதன் பிறகு ஆபீசுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் இவருக்கு மில்லில் லீவு எல்லாம் தீர்ந்து சம்பளமும் வெட்டு விழுந்தது. வெட்டுப் போட்டு எழுதியவன் நான்தான், என் வேலை அது. "கரீட்டா எய்திக்கோ சார், அப்பால உனக்கு பேஜாரு" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு வருடம் போல ஆனது. வேறு பக்கத்திலிருந்து குழாய் வந்தது. முதல் பாதித் தெருவுக்கு நல்ல தண்ணீர் பாய்ந்தது. கடைசி வீடுகளுக்குச் சொட்டியது. எங்கள் வீடு கடைசி வீடு. ஆனாலும் சொட்டியது வெள்ளையாகச் சொட்டியது.

அவர் மறுபடி நிற்கவில்லை. ஆட்சி மாறியது. கான்ட்ராக்டர் மாறாமல் திரும்பி வந்தார். நான் ஓய்வு பெற்று மீஞ்சூருக்குக் குடிபோனேன்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மில் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது, பத்து வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. மகன் ஒரு கட்சி, மருமகள் புதிதாக வந்த இன்னொன்று. ரோஸி எது என்று சொல்ல மாட்டாராம்.

"முன்ன தெருவுக்கு ஒரு கட்சி சார். அப்பால ஊட்டுக்கு ஒண்ணு. இப்ப ஆளுக்கு ஒண்ணு. தோக்கறவனும் சாயங்காலமே போய் ஜெயிச்சவன்கிட்ட ஒட்டிக்கிறான். நான் யார் ஊட்டுக்குத்தான் போறது?" என்றவர், பக்கத்துக் காம்பவுண்டைக் காட்டினார். "அங்க வடநாட்டு ஆளுங்க. நம்ம மில்ல இப்ப அவங்கதான் ஓட்டறாங்க. அவங்க ஓட்டு அவங்க ஊர்ல கீது, இங்க இல்ல. எந்தக் கட்சிக்காரனும் அந்த வாசப்படி மிதிக்கல. நான்தான் போயி ஒக்காந்துக்கினு வரேன். பாஷ தெரியல, டீ குடுக்கறாங்க."

"எனக்கு அலுத்துப்போச்சு. இந்தத் தடவை ஓட்டுப் போடப் போறதா இல்லை" என்றேன்.

அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, ஸ்டேஷன் வரிக்கும் வரேன்" என்றார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று மூச்சு வாங்கி, நான் ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிளாட்பாரத்தில் நான் ஏற வேண்டிய சென்னை வண்டி தயாராக நின்றது. பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் அப்போதுதான் இரண்டாவது காரணத்துக்கு வந்திருந்தார்.

வண்டி கிளம்பிப் போனதை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.