கையைத் தூக்கி ஓட்டிய வண்டி

“ஒரு நாள் நீங்களும் வாங்க சார்” என்று மரியாதைக்குச் சொன்னதை, ஐம்பத்து மூன்று வயதில், உண்மையான அழைப்பென்று நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நிற்காமல், அதற்காக வண்டிக்கு உயரமான ஹேண்டில்பாரும் மாட்டினேன்.

மகள் பிரசவத்துக்காக மனைவி கோமதி கோயம்புத்தூர் போயிருந்த சமயம். திண்டுக்கல் வீட்டில் நானும் மிக்சியும்தான். (மிக்சியாவது போட்டா சத்தம் குடுக்கும்.) ஒரே ஒரு பிரியாணி பார்சல் சொல்லும்போது என் குரல் தானாக இறங்கிவிடும். மாடியில் குடியிருந்த நாலு பையன்கள் ஞாயிறுதோறும் பெரிய பைக்குகளில் சிறுமலை போவார்கள். அதில் பிரகாஷ் என்பவன் சொன்னதுதான் மேற்படி வாக்கியம். அவர்கள் வண்டிகளில் கைப்பிடி நெஞ்சுக்கு நிற்கும். நடுவில் என் பழைய வண்டி போனால் கன்றுக்குட்டி போலிருக்கும். சனிக்கிழமை மெக்கானிக் முபாரக்கிடம் போய் நின்றேன்.

“ஹேண்டில ஒசத்துனா கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர், மூணு கேபிளும் நீளமாப் போடணும்ண்ணே. ஆக்சிலேட்டருக்கு மட்டும் எங்கிட்ட இல்ல. மதுரையில இருந்து வரணும்.”

“நாளைக்குக் காலையில போகணும்ப்பா. பழசையே இழுத்துப் பாரேன்.”

இழுத்தான். “எட்டுதுண்ணே. ஆனா வெறப்பா இருக்கு.”

“எட்டுனாச் சரி.”

இருவருக்கும் பரம திருப்தி.

மறுநாள், சட்டை இடுப்புக்கு மேலே ஏற, போலீசிடம் சரணடைகிறவன் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நத்தம் ரோட்டில் போனேன். நேராகப் போனவரை நான்தான் ராஜா. முன்னால் போன பையன்கள் ஒரு டீக்கடையில் நின்றிருந்தார்கள். “மாஸ்டர், அஞ்சு டீ” என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தேன்.

விறைத்திருந்த கேபிள் இழுபட்டது. நான் முறுக்காமலே வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. (பயத்துல இன்னும் ஒடிச்சேன். அறிவு அம்புட்டுதான்.) கடை வாசலில் பூ மூட்டைகளோடு நின்ற மொபெட்டில் போய் மோதி விழுந்தேன். மூட்டை பிரிந்து சம்பங்கி மொத்தமும் என்மேல் கொட்டியது. முகம் தவிர எல்லாம் பூ. அழத்தான் ஆளில்லை.

மொபெட்டுக்குச் சொந்தக்காரர் டீயும் கையுமாக ஓடிவந்தார். “ஏய்யா, மார்க்கெட்டுக்குப் போற பூவுய்யா! சாகணும்னா சொந்தமாப் பூ வாங்கிட்டு வந்து விழக்கூடாதா?”

பையன்கள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, முழங்காலைக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள். நல்ல பிள்ளைகள்.

“ரெஸ்ட் எடுங்க அங்கிள்” என்றான் பிரகாஷ். நேற்றுவரை சார். ஆட்டோ கிளம்பும்போது அவன் குரல் கேட்டது. “மாஸ்டர், நாலு டீ.”

இன்றைக்கும் வீட்டு விசேஷத்தில் பூக்கூடை வந்தால், “மாமாவைக் கொஞ்சம் ஓரமா உக்கார வைங்க” என்பார் மருமகன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால், அன்று மதியம் வீடியோ காலில் வந்த கோமதி சிரிக்கவில்லை.

“தலையில என்னங்க பூவு?”

கேபிளில் ஆரம்பித்து நாலு டீ வரை சொல்லி முடித்தேன்.

“ஒத்தையில இருக்க முடியலன்னு எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லத் தெரியல. வண்டிக்குக் கொம்பு வைக்க மட்டும் தெரியுதாக்கும்?”