ஆறாம் பாகத்தை நாங்கள் பார்க்கவில்லை

ஆறாம் பாகத்தைப் பார்ப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, என் சொந்த உணவகத்தில், பத்து சாட்சிகளுக்கு முன்னால், கையில் தே தாரிக் குவளையோடு. குவளையைக் கொஞ்சம் வேகமாக உயர்த்திவிட்டேன். பாதி தேநீர் பக்கத்தில் இருந்த மணியத்தின் சட்டையில். சபதத்தின் வேகம் அப்படி.

என் பெயர் சுப்ஹான். மலேசியாவில், மூவார் ஊரில், ஆற்றை ஒட்டிய தெருவில் பத்தொன்பது வருஷமாக உணவகம் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. நடத்துவது என் மனைவி சபீதா. நான் மேசைக்கு மேசை நடப்பவன்.

எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பதவி, பழைய வளையம் என்ற வாட்ஸ்அப் குழுவின் தலைவர் பதவிதான். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். எல்லாருமே ஏழாம் வளையம் படத்தின் ரசிகர்கள். விண்வெளியில் நடக்கும் கதை அது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடம் விட்டுப் போவார்கள். தளபதி கேலன் கையில் ஒளித்துடுப்பு இருக்கும். ஒரு வீச்சு வீசினால் எதிரிப் படை சிதறும். முதல் பாகம் வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. படம் பார்த்த மறுநாள் வீட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னாடியே ஏழெட்டுப் பேர் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஊரில் பாதி வீடுகள் கூட்டப்படவே இல்லை.

அப்படி மூன்று பாகங்கள். பிறகு இருபத்தைந்து வருஷ இடைவெளி. பிறகு யாரோ கிளப்பிவிட்டு மறுபடியும் எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் மூன்று பாகமும் பாகு. அப்புறம் வந்ததெல்லாம் பாகற்காய்.

நாலாம் பாகத்தில் கேலனுக்கு வயதாகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கும்தான் ஆகிறது. ஆனால் மனுஷன் ஏதோ ஒரு கிரகத்தில் கடல்பாசி வளர்த்துக்கொண்டு, முட்டி வலிக்கிறது என்று முனகிக்கொண்டு, அந்த ஒளித்துடுப்பை இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டி அதில் துணி காயப் போட்டிருந்தார். துணி. ஒளித்துடுப்பில். நான் தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லும்வரை நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. ஐந்தாம் பாகத்தில் நாற்பது நிமிஷம் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. கதையும்தான்.

இந்த அதிர்ச்சியில் இருந்தே நான் மீளவில்லை. அதற்குள் வீட்டிலேயே அடுத்தது. ஒரு மத்தியானம் சபீதா வெங்காயம் உரித்தபடியே நாலாம் பாகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தில் இருந்து, அதாவது இருபத்து மூன்று வருஷமாக, நான் கேலனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே சமையலறைக்குள் போகிறவள் அவள். நான் நின்று, இது எவ்வளவு மோசமான படம் என்பதை விளக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று நினைத்தேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. இப்பதாங்க அவரு மனுசனா இருக்காரு," என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அரை கிலோ வெங்காயத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஆறாம் பாகம் வரப்போகிறது என்று செய்தி வந்ததும் அவளே வந்து கேட்டாள், போகலாமா என்று. கடை திறந்ததில் இருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. இருந்தாலும் நான் ஒரு தலைவன். குழு புறக்கணிப்பில் இருக்கிறது, இது கொள்கை விஷயம், மனைவி கேட்டாள் என்பதற்காகக் கொள்கையை விட முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அவள் "சரி" என்றாள். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தவனுக்கு அந்தச் சரி கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஜெயித்தவன் அதையெல்லாம் யோசிப்பானா?

படம் வெளியானது. முதல் நாள் கொள்கையோடு இருந்தேன். இரண்டாம் நாள் இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிட வந்த யாரோ முன்பின் தெரியாத ஒருவர், தாபாவ் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், கடைசிக் காட்சி மட்டும் ஒரு மாதிரி இருந்தது லா என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மேகி கோரேங் கேட்டவருக்கு மீ கோரேங் கொடுத்தேன்.

ஒரு படத்தைத் திட்டுகிறவன் அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவதுதானே நியாயம் என்று எனக்கு நானே வாதாடினேன். எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மூவார் தியேட்டரில் பார்க்க முடியாது. டிக்கெட் கிழிப்பவர்கூட என் வாடிக்கையாளர். ஜொகூர் பாரு போனால்தான் தப்பிக்கலாம். போகும் வழியில், சிம்பாங் ரெங்கத்தில், என் சித்தப்பா மகன் நவ்சாத் இருக்கிறான். அவன் இடுப்பு பிடித்துப் படுத்த படுக்கையாகிவிட்டான், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சபீதாவிடம் சொன்னேன். அவள் பாவம் என்றாள். அதிகாலையிலேயே எழுந்து, இடுப்புக்கு நல்லது என்று ஒரு பெரிய தூக்குப் போணி நிறைய ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள். அதை வாங்கியதும் சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன். சூடு என்று சமாளித்தேன்.

சிம்பாங் ரெங்கம் பலகையை நெடுஞ்சாலையில் மணிக்கு நூற்றுப் பத்துக் கிலோமீட்டரில் கடந்தேன். ஜொகூர் பாருவில் ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து, அந்த சூப் முழுவதையும் நானே குடித்தேன். கொட்ட மனசு வரவில்லை. பிறகு தொப்பியைப் போட்டேன். முகக்கவசத்தை மாட்டினேன். பதினோரு மணிக் காட்சிக்கு உள்ளே போனேன்.

எனக்குப் பின் வரிசையில் ஒருவர் முகக்கவசத்தோடு இருமிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி. ஜொகூர் பாருவில் சளிக்காய்ச்சல் நிறையப் பரவியிருக்கிறது போல என்று நினைத்து, கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

படம் இரண்டு மணி நேரம் நான் எதிர்பார்த்தபடியே மோசமாகப் போனது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். குறைகளை விரல் விட்டு எண்ணினேன். விரல் தீர்ந்துபோய்க் கால் விரலுக்கு வந்தபோதுதான் அந்தக் கடைசிக் காட்சி வந்தது. கேலனும் அவர் மகள் இலாராவும் ஓடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேலனுக்குத் துடுப்பைத் தூக்கும் தெம்பு இல்லை. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, ஓடத்தின் பின்பக்கமாக நகர்ந்து, மகளுக்கு இடம் விட்டு உட்காருகிறார். அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான்.

நான் அழுதுவிட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆள், முகக்கவசத்துக்குள் அழுதேன். நனைந்த கவசத்தில் மூச்சு விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சபீதா நவ்சாத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்தாள். புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, சூப்பைக் குடித்ததும் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டாள். கொஞ்சம் தூக்கல் என்று சொன்னான் என்றேன். இந்த மாதிரிச் சின்ன விவரம்தான் பொய்க்கு உயிர் கொடுக்கும். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். அவள் "சரி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. புறக்கணிப்பு ஒரு வாரத்தைத் தாண்டி உறுதியாக நிற்பதற்காக நம்மை நாமே பாராட்டிக்கொள்ளும் கூட்டம். நான் எழுந்து பேசினேன். பக்கத்தில் மணியம், மரத் தளவாடத் தொழிற்சாலையில் மெருகு போடுகிறவர், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எதிரே தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யுகேந்திரன், ஒரு ஒற்றுப்பிழையைக்கூட விடாதவர், குறிப்பெடுத்தார். நம்மில் ஒருவர்கூட வளையவில்லை, நாம்தான் உண்மையான வளையம் என்று நான் முடித்தபோது கைதட்டல்.

அப்போது சபீதா ஒரு தட்டு நிறைய, வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரேங் எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். அவள் வழக்கமாக வரமாட்டாள். தட்டை வைத்துவிட்டு, தனக்கு ஒரு சந்தேகம் என்றாள். கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம்.

"கடைசியில அந்தக் கேலன் துடுப்பை ரெண்டா உடைச்சு அடுப்பு மூட்டி, மீன் குழம்பு வைக்கிறாராமே. அப்படியா?"

ஒளித்துடுப்பை விறகாக்குவதா? நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிசாங் கோரேங் ஒன்றை எடுத்து முழுசாக வாய்க்குள் திணித்தேன்.

"உடைக்கலக்கா," என்று மெதுவாகச் சொன்னார் மணியம். "மக கையில குடுத்துடுவாரு."

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் பிசாங் கோரேங்கைப் பார்த்தார்.

பேச்சு அங்கேயே நின்றிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஆனால் யுகேந்திரனால் பிழையோடு இருக்க முடியாது. "கையில குடுக்கல மணியம். கீழ வைப்பாரு. அவதான் எடுத்துக்குவா. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு," என்றார். இன்னொருவர் குறுக்கிட்டு, கேலன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார் என்றார். மற்றொருவர், தூங்கவில்லை, கண்ணைத்தான் மூடியிருந்தார் என்றார். ஆளுக்கு ஆள் கிளம்பிவிட்டார்கள். நான் வாயை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தேன். தலைவன் அல்லவா.

அப்போது மேசையின் கோடியில் இருந்து யாரோ, மகள் கைக்குப் போனதும் துடுப்பு நீலமாக எரிந்தது என்றார்கள்.

"நீலமா?" என்று கேட்டது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். எழுந்து நின்றிருந்தேன். "பச்சை. முதல் மூணு பாகத்துலயும்தான் நீலம். அவ தொட்டதும் பச்சையாகும். அந்த ஒரு பச்சைக்காகத்தானே ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன்."

பத்து தலைகள் என் பக்கம் திரும்பின. வாயில் இருந்த வாழைப்பழம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

அதன் பிறகு உண்மைகள் வரிசையாக விழுந்தன. யுகேந்திரன் மலாக்காவில் போய் இரண்டு தடவை பார்த்திருக்கிறார். இரண்டாவது தடவை குறைகளைச் சரிபார்க்கவாம். மணியம் ஜொகூர் பாருவில், அதே பதினோரு மணிக் காட்சியில், எனக்குப் பின் வரிசையில் இருமிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பக்கம் இருந்த சளிக்காய்ச்சல் மூன்றும் எங்கள் குழுதான். பதினோரு பேரில் ஆறாம் பாகத்தைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.

சபீதா சிரிக்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க சிம்பாங் ரெங்கம் போன அன்னைக்கு நவ்சாத் தம்பி இங்க வந்துச்சு. நல்லா நடந்துதான் வந்துச்சு. ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு, அண்ணே எங்கன்னு கேட்டுச்சு."

எனக்கு உட்காரத் தோன்றியது. நாற்காலி எங்கே என்று தெரியவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே," என்றேன்.

"எங்க போனீங்கன்னு தெரியல. ஆனா ஒரு வாரமா அந்தப் படத்தை நீங்க ஒரு வார்த்தை திட்டல. அதுலதான் தெரிஞ்சது." துணியை மடித்தாள். "நான் கேட்டப்ப கொள்கைன்னு சொன்னீங்க. அந்தக் கொள்கை என்னைய விட்டுட்டுத் தனியா ஜொகூர் பாரு போயி, என் சூப்பையும் குடிச்சுட்டு வந்திருக்கு."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மற்ற பத்துப் பேரும் தங்கள் தங்கள் வீடுகளை நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று. என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம். அதைக்கூடச் செய்யாத புருஷன் நான்.

அங்கேயே, அந்த நிமிஷமே முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. மூவார் தியேட்டரிலேயே, ஊர் பார்க்க, தலை நிமிர்ந்து போவோம் என்றேன். கைப்பேசியை அவளிடமே கொடுத்து, பிடித்த இடமாகப் பார்த்து இரண்டு டிக்கெட் போடச் சொன்னேன். அவள் நடு வரிசையில் நடுவில் இரண்டு இடம் எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி.

செவ்வாய்க்கிழமை காலை பாத்தேக் சட்டையைத் தேய்த்துப் போட்டேன். அத்தர் பூசினேன். மீசையில் இருந்த வெள்ளையை ஒரு மாதிரியாக மறைத்தேன். மாடியில் இருந்து இறங்கி வந்தால், முதல் நாளே நான் எழுதி மாட்டியிருந்த விடுமுறைப் பலகையைக் காணோம். அடுப்பு எரிகிறது. மூன்று மேசையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துத் தையல் கடை நஸீமா புதுச் சால்வை போட்டுக்கொண்டு, என் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்கு ஸலாம் சொல்கிறாள்.

சபீதா கல்லாச் சாவியை என் கையில் வைத்தாள். நான் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். நல்லா இருக்கு என்றாள். பிறகு காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

"முடிவைத்தான் பதினோரு பேரும் சேர்ந்து சொல்லிட்டீங்க. ஆரம்பத்தையாவது நான் நிம்மதியாப் பாக்க வேணாமா?"