எலிசாவின் டெஸ்ட் இன்டரப்ட்

மூன்றாவது தடவையும் திரையில் அதே வரிதான் வந்தது: ‘கார்டு பதில் தரவில்லை.’

எலிசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் வரை சமர்த்தாக ஓடிய புரோகிராம் அது.

கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டை இயக்குகிற டிரைவர். கம்ப்யூட்டரைப் போட்டதும் டிரைவர் கார்டிடம், ‘எங்கே, ஒரு தரம் மணி அடி பார்க்கலாம்’ என்று கேட்கும். அடித்தால் கார்டு நலம். இதற்கு டெஸ்ட் இன்டரப்ட் என்று பெயர். இதை எழுதி முடிக்கத்தான் சென்னை ஆபீஸ் ஒரு கம்ப்யூட்டரையே அவளோடு திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தது. டிப்ளமா படித்த பெண்ணால் ஆகுமா என்று அங்கே சிலர் முணுமுணுத்திருந்தார்கள். இன்றைக்குள் முடியாவிட்டால் வேலை அவர்கள் கைக்குப் போய்விடும்.

அப்பா தேவசகாயம் டெலிபோன் லைன்மேன். மகளின் பெருமையைக் கம்பத்தின் மேலே இருந்தும் பேசக்கூடியவர். அவரும் காலையிலேயே மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டதால் தேற்ற ஆளில்லை.

கார்டுக்கு அவகாசம் போதவில்லை போலிருக்கிறது என்று காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினாள். எலிசா காபி குடித்துவிட்டு வந்தபோதும் கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருந்தது. சரி, பதில் வரும்வரை விடாமல் கேட்கட்டும் என்று மாற்றினாள். இப்போது கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

பிறகுதான் ஞானம் பிறந்தது. நேற்று அடித்த மணி இன்று அடிக்காமல் போகுமா? கார்டு அடிக்கத்தான் செய்கிறது, புரோகிராமுக்குத்தான் காது கேட்கவில்லை. ஆகவே, கேட்டவுடனே கார்டு மணி அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும்படி எழுதினாள்.

‘கார்டு நலம்’ என்றது திரை. எத்தனை தரம் போட்டாலும் நலமோ நலம்.

எலிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேனேஜர் வேங்கடேசனுக்கு உடனே போன் போட்டாள்.

“கார்டு நல்லா இருக்குன்னு உறுதியா சொல்லுதாம்மா?”

“கண்ண மூடிக்கினு நம்பலாம் சார்.”

“சபாஷ். டிரைவர் கேட்ட பம்பாய் கம்பெனிக்கு இப்பவே ஒன் பேரப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பிடறேன். டிப்ளமான்னு சொன்னவங்கள நாளைக்கு நீ ஆபீஸ் வந்ததும் ஒன் சீட்டுக்கே கூட்டியாறேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பூசை முடிந்து வந்த பக்கத்து வீட்டு லூர்துமேரி வாசலில் நின்றாள்.

“எலிசா, ஒங்கப்பா சொல்லச் சொன்னாரு. காலைல அந்தப் பொட்டியத் தொறந்து கார்டக் கழட்டிக்கினு வந்துட்டாராம், எம்பொண்ணு வேலைன்னு கோயில்ல எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்காரு. ரெண்டாம் பூசைக்கு வர்றவங்களும் பாத்துட்டா மத்தியானம் எடுத்துக்கினு வந்து மாட்டிடுவாராம், அதுவரைக்கும் கம்ப்யூட்டரப் போடாதன்னாரு.”