தூக்கத்துக்குக் காவல்

அப்பாக்களில் ஓர் இனம் உண்டு; அதற்கு ‘தூங்கிட்டியா அப்பா’ என்று பேர் வைக்கலாம். உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. அலுவலகத்தில், முடிவெட்டும் கடையில், லிஃப்டில் வகையாக மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாதவரிடம்கூட, “இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் தூங்குறாங்க? போர்வைக்குள்ள ஃபோனு, ஃபோனுக்குள்ள கண்ணு, மூளை எப்ப சார் ஓயும்?” என்று பிளந்துகட்டுவார். சொல்வதென்னவோ நிஜம். விடிய விடியத் திரையைத் தேய்க்கிற பிள்ளை மறுநாள் வகுப்பில் மேசைமேல்தான் தலையை வைக்கும். அதோடு நிறுத்திக்கொண்டால் நான் ஏன் இவரைப் பற்றி எழுதப்போகிறேன்?

மகள் அறையில் விளக்கு அணைந்ததும், இவர் கட்டிலில் சாய்ந்து, தன் ஃபோனை எடுத்து, அவள் ஃபோனுக்கு ஒரு கேள்வி அனுப்புவார்: “தூங்கிட்டியா?” எட்டிப் பார்த்தால் போதாதா? கதவைத் திறந்தால் பெண்ணின் தூக்கம் கலைந்துவிடுமாம். அப்படியானால் அவள் ஃபோனை வாங்கி அலமாரியில் பூட்டலாமே? பூட்டிவிட்டால் கேள்வியை எங்கே அனுப்புவது?

எனக்குத் தெரிந்த ஓர் அப்பாவின் மகளுக்கு மறுநாள் காலை நீச்சல் தேர்வு. பள்ளி அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. வருஷம் பூரா அதற்காகவே தண்ணீரில் கிடந்த பெண். அன்றைக்கு அதிசயமாக, யாரும் சொல்லாமலே படுத்து, அலாரம் வைத்து, ஃபோனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கியும் போனாள். ‘டிங்’ என்றது.

“தூங்கிட்டியா?”

“ஆமாப்பா.”

“தூங்கினவ எப்படி பதில் போடுற?”

இதற்கு அவள் என்ன சொல்வாள், பாவம்? ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்து, திரை வெளிச்சம் தூக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று ஒரு டாக்டர் பேசும் வீடியோ வந்தது. வீடியோவைப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி வந்தது. பார்த்தேன் என்றதும், இந்நேரத்தில் உனக்கு என்ன வீடியோ என்று திட்டு வந்தது. இப்படியே விடிய விடிய ‘டிங்’.

காலையில் விசில் ஊதினார்கள். மற்றவர்கள் குதித்தார்கள். இவள் கொட்டாவியை முடித்துவிட்டுக் குதித்தாள். இடம் போயிற்று. ஈரத் தலையோடு அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவளிடம் பயிற்சியாளர் அம்மா கேட்டார்:

“ராத்திரி தூங்கினியாம்மா?”

“அப்பாவக் கேளுங்க மேடம். ராத்திரி பூரா அவரும் அதைத்தான் கேட்டாரு.”

பக்கத்தில் நின்றிருந்த அப்பாவின் முகம் சுண்டிப்போனது. ஒரு நிமிஷம்தான். “அப்பவே சொன்னேன் மேடம், எல்லாம் இந்த ஃபோனால வர்றது.”

சிரிக்கிறீர்கள். இதை இப்போதே உங்கள் பிள்ளைக்கு அனுப்பிவைக்க விரல் துறுதுறுக்கிறது, இல்லையா? அனுப்புங்கள். அதற்கு முன்னால் மணி என்ன என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.